தோட்டாவின் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

தமிழில் எல்லாவற்றையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம். மலாயிலும் பெலுரு என்ற ஒரு சொல்லே போதும். ஆனால் பறந்து போவது குண்டு மட்டும்தான். குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப், எல்லாவற்றையும் தாங்கும் கூடு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. கோலாலம்பூர் வட்டாரத்தில் சுடும் கிளப்புகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பிரிவு முதலில் மனதில் பதிய வேண்டும். பெயரில் உள்ள எண் சில சமயம் குண்டைக் குறிக்கும், சில சமயம் கூட்டை, சில சமயம் மருந்தின் எடையை, இன்னும் சில சமயம் ஆண்டைக்கூடக் குறிக்கும்.

தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் 12 போர் செனாப்பாங் பாத்தாவையே, அதாவது மடித்துத் திறக்கும் துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். போர் (bore) என்பது குழலின் உள் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் அந்தக் குழலின் விட்டம்: சுமார் 18.5 மி.மீ. 20 உருண்டையாக உருட்டினால் 15.6 மி.மீ. அதனால்தான் எண் கூடக்கூட குழல் சிறுக்கிறது. .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது; அது நேரடியாக அங்குல அளவு.

இங்கே நடக்கும் தவறு உயிரை வாங்கும். 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது வெளியே விழாது. உள்ளே வழுக்கிப் போய், தோட்டா அமரும் அறைக்கு அப்பால், குழல் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஒன்றும் வெடிக்காது. துப்பாக்கியை மடித்துப் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்துக்கொண்டிருக்கும் தோட்டா குழலையே பிளந்துவிடும். பிளப்பதும் இடது கை பிடித்திருக்கும் பக்கத்தில்தான். 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகவே. ஒரே பையில் இரண்டு அளவையும் வைக்கவே கூடாது. விசை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே 30 விநாடி பிடித்திருந்து, பிறகு மடித்து, தோட்டா இருந்தால் எடுத்துவிட்டு, அறைப் பக்கமிருந்து குழல் முழுவதும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது நீளம். பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருப்பது சுட்டு முடிந்து வாய் விரிந்த பிறகான நீளம். சுடாத தோட்டா வாய் மடித்து மூடியிருப்பதால் 60 மி.மீ.க்கும் குறைவாகவே இருக்கும். எனவே 76 மி.மீ. தோட்டாவும் 70 மி.மீ. அறைக்குள் தாராளமாக நுழையும். நுழைகிறதே, சரியான தோட்டாதான் என்று நினைப்பதுதான் ஆபத்து. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குறுகலில் முட்டும், அழுத்தம் எகிறும். தாத்தா காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் 65 மி.மீ. அறையும் உண்டு. குழலைக் கழற்றி அடிப்பக்கத்துத் தட்டையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் அதில் 70 போடாதீர்கள்.

ரவையின், அதாவது இந்தத் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளின் எண்ணிலும் குழப்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கில் 6ஆம் நம்பர் 2.6 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 2.8. பிரிட்டிஷ்காரர்கள் எஸ்ஜி என்பதும் அமெரிக்கர்கள் இரட்டைப் பூஜ்யம் என்பதும் ஏறக்குறைய ஒரே 8.4 மி.மீ. ரவைதான். பெட்டியில் மி.மீ. போட்டிருந்தால் அதை மட்டும் நம்புங்கள்.

கைத்துப்பாக்கிக்கு வருவோம். .38 ஸ்பெஷல் குண்டின் விட்டம் .38 அங்குலம் இல்லை, .357. பழைய .38 தோட்டாக்களில் குண்டும் கூட்டின் வெளிப்புறமும் ஒரே விட்டம். பின்னால் குண்டைக் கூட்டுக்குள் அடங்கும்படி சிறிதாக்கினார்கள். பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். 1935இல் .357 மேக்னம் வந்தபோது குண்டின் அளவு மாறவில்லை. கூட்டை மட்டும் சுமார் 3.4 மி.மீ. நீட்டினார்கள், பழைய ரிவால்வரில் நுழையக் கூடாது என்பதற்காக. ஆகவே மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷலைச் சுடலாம். ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னத்தைச் சுடக் கூடாது.

9 மி.மீ. என்று மட்டும் கேட்டு வாங்குவது அரைகுறைப் பேச்சு. 9×19, 9 மி.மீ. லூகர், பாராபெல்லம் மூன்றும் ஒன்றே. 9 மி.மீ. குர்ஸ், கோர்ட்டோ, .380 ஏசிபி மூன்றும் இன்னொன்று, அது 9×17. மகரோவ் கைத்துப்பாக்கியின் 9×18இல் குண்டே 9.27 மி.மீ., லூகர் குழலுக்குப் பெரியது. பெருக்கல் குறிக்குப் பின்னால் வரும் கூட்டு நீளத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

ரைஃபிள் பெயர்களில் .30-30இன் இரண்டாவது 30 மருந்தின் எடை, கிரெயின் என்ற சிறு எடை அளவில். .30-06இல் அதே இடத்தில் இருப்பது 1906ஆம் ஆண்டு. .250-3000இல் விநாடிக்கு 3000 அடி வேகம். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

குறி பார்த்துச் சுடும் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் இருப்பது .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்). ஜெர்மன் பெட்டியில் இதையே எல்எஃப்பி என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. .22 மேக்னம் வேறு, அதன் கூடு அகலம். .22இன் அடித்தட்டில் பெரும்பாலும் கம்பெனியின் அடையாள எழுத்து மட்டுமே இருக்கும், அளவு இருக்காது. அதனால் சுடும் வரை தோட்டாக்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.