தேன் இறக்கிய அன்றே பணம்

கோத்தகிரிப் பக்கம் குறும்பர், இருளர் ஊர்களில் தேன் கொள்முதல் பார்த்த காலத்தில், சமூகத் தொழில்முனைவு, அதாவது மக்கள் நலனுக்காகத் தொழில் நடத்துவது, பற்றிய பயிற்சிகளுக்கு அடிக்கடி அனுப்புவார்கள். தலைமைப்பண்பு, புதுமை, ஊக்கம் என்றே பேச்சு போகும். அதெல்லாம் சரி. ஆனால் நான் பார்த்தவரை ஒரு முயற்சி நிலைக்குமா, படுத்துவிடுமா என்பதை முடிவு செய்தது ஒரே கேள்விதான்: தேனை இறக்கிவைத்த அன்றே கையில் பணம் கொடுக்க முடிகிறதா?

மலைத்தேன் வருவது கோடையை ஒட்டிய சில வாரங்களில். விற்பதோ வருடம் முழுக்க. பாறையில் ஏணி கட்டி இறங்கி, புகை போட்டு, அடையை அறுத்தவர்கள் தேன் டின்னோடு வந்து நிற்பார்கள். ஈரப்பதம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மலைத்தேன் பல நேரம் தாண்டிவிடும். "மழை பேஞ்சா தேனும் தண்ணியாத்தான் சார் இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். உண்மைதான். ஈரத்தைக் குறைத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்றுக் காசாக்க மாதங்கள் ஆகும். அதுவரை அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? வெளி வியாபாரி அடிமாட்டு விலைதான் கொடுப்பார், ஆனால் முன்பணம் பருவத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். அவரோடு நாங்கள் போட்டி போட்டது விலையில் அல்ல, நாளில்.

கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனோம். பட்டா கேட்டார்கள். உறுப்பினர்களில் பலரிடம் அடமானம் வைக்க நிலமே கிடையாது. வங்கதேசத்தில் 1983-ல் கிராமீன் வங்கி அடமானமில்லாக் கடனோடு வந்ததன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சட்டமும் கைகொடுக்க வேண்டும். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே சொந்த நிறுவனம் தொடங்கலாம் என்றானது. 2006-ன் வன உரிமைச் சட்டம், தேன் உட்பட, வழிவழியாகச் சேகரித்துவரும் சிறு வனப்பொருட்கள் மீது காட்டு மக்களுக்கு உரிமை தந்தது. கோத்தகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் 2013-ல் பதிவானது. அதற்கு முன்னால், அதை உருவாக்க உதவிய கீஸ்டோன் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் இந்த மலையில் 1993 முதல் வேலை செய்திருக்கிறது. இருபது வருட உழைப்பு! மூன்று வருடத் திட்டத்தோடு வந்து 'தன்னிறைவு எப்போது?' என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

இப்போதும் யாராவது உதவ வந்தால் விருது விழாவோ இன்னொரு பயிலரங்கோ வேண்டாம் என்கிறேன். பருவத்துக்கு முன்பே மார்ச்சில் வந்து, தேன் விற்றபின் திரும்பிப் போகிற சுழல்நிதி கொடுங்கள், அடுத்த மார்ச்சிலும் கொடுங்கள்.