மே மாதத்து மிச்சம்

மே 17

தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் 5.2 மீட்டர்.

நைட்ரேட் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. ஏப்ரலில் தண்ணீரை டிகாக்ஷன் நிறத்துக்குக் கொண்டுபோன டயாட்டம் என்ற நுண்பாசிக் கூட்டம், இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு அடியில் போய்ப் படுத்துவிட்டது. பாஸ்பேட் மட்டும் லிட்டருக்கு 0.31 மைக்ரோமோல் மிச்சம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் ஒரு அண்டா மட்டும் மூடாமல் கிடக்கிற மாதிரி. நைட்ரஜன் இல்லாமல் வெறும் பாஸ்பரஸை வைத்துக்கொண்டு இந்தப் பால்டிக் கடலில் யாராலும் பெருக முடியாது, ஒருவரைத் தவிர. அவர் காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையே எடுத்துக்கொள்வார். ஜூலையில் வருவார்.

மே 18

அண்ணன் போன். "அப்பா ரத்தத்துல பாஸ்பரஸ் 6.9 காட்டுது. நீ அதைத்தானே படிக்கிறே, என்ன பண்ணணும்னு சொல்லு."

நான் படிப்பது வேறு என்றேன்.

மே 19

வேறுதான்.

மே 24

தட்டு 5.6.

அப்பாவிடம் பேசினேன். டயாலிசிஸ் நாள் என்பதால் குரல் களைத்திருந்தது. ஆனாலும் முதல் கேள்வி அதேதான்: "இன்னிக்குத் தட்டு எவ்வளவு?" போன வருஷம் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிப் படகின் நிழல் பக்கம் இறக்க வேண்டும், கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறிக்க வேண்டும், மேலே இழுத்துத் திரும்பத் தெரிகிற ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்தது, இன்னும் மாறவில்லை. அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தினசரி காலண்டர் தாளில் குறித்து வைக்கிறாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பால்டிக்கின் வடபகுதியில் இதே தட்டு எட்டு, ஒன்பது மீட்டர் வரை தெரிந்திருக்கிறது. அதைச் சொன்னதும், "அப்போ பாதி பார்வை போயிடுச்சுன்னு சொல்லு" என்றார்.

மே 30

மழை. படகு இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பாசி எண்ணிக்கை மட்டும்.

ஜூன் 3

மூன்று நாள் உழைப்பு சாக்கடையில். வெற்று மாதிரி, அதாவது பாஸ்பேட்டே இருக்கக் கூடாத வடிநீர், நீலமாகிவிட்டது. மாலிப்டேட் ஊற்றி, அஸ்கார்பிக் அமிலம் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் பாஸ்பேட் இருக்கிற அளவுக்கு நீலம் பிடிக்கும், இல்லையென்றால் பிடிக்கக் கூடாது. என் வெற்று மாதிரி என் கடலைவிட நீலம்.

காரணம் தேடியதில் பாதி இரவு போனது. இங்கே இப்போது பாதி இரவு என்றால் வெளிச்சம்தான், அதனால் நேரமே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி நான். பத்து சதவீத அமிலத்தில் ஊறவைத்த குடுவைகளை, "இன்னும் சுத்தமாக இருக்கட்டுமே" என்று சமையலறைப் பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்திருக்கிறேன். பிரஷ்ஷில் சோப்பு, சோப்பில் பாஸ்பேட். பதினொரு மாதிரிகள். தரவுத்தாளில் பதினொரு கட்டங்களையும் காலியாக விட்டேன். ஊகித்து நிரப்பலாம், யாருக்கும் தெரியாது. நிரப்பவில்லை.

ஜூன் 4

நேற்று எழுதியதைப் படித்தேன். பெருமையடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் 9

சேறு எடுத்த நாள். முப்பத்துமூன்று மீட்டர் பள்ளத்தில் குழாயை இறக்கி, மேல்பரப்பு கலங்காமல் தூக்குவதற்கு நாலு முயற்சி. கண்ணாடிக் குழாய்க்குள் தெளிவாகத் தெரிந்தது: மேலே துருப்பிடித்த பழுப்பில் ஒரு தோல், அதற்குக் கீழே கன்னங்கரேல். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை, படகு ஓட்டுபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழுப்புத் தோல் இரும்பு. ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு பாஸ்பேட்டைக் கையில் பிடித்து வைத்திருக்கும், ஆக்சிஜன் தீர்ந்தால் கையை விட்டுவிடும். அவ்வளவுதான் கதை. போன ஜூனில் தோல் அஞ்சு மில்லிமீட்டர். இன்று அளவுகோலை வைத்து மூன்று தடவை பார்த்தேன். இரண்டு.

அண்ணன் மருந்துச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய மாத்திரை. உணவில் வருகிற பாஸ்பேட்டைக் குடலிலேயே கட்டிப்போட்டு வெளியே அனுப்பும் வகை. அதில் இரும்பு வகையும் உண்டு என்று படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை.

ஜூன் 11

தட்டு 5.0.

ஜூன் 15

முன்னுரை அத்தியாயம் திருத்தத்தோடு திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் பேராசிரியரின் ஒற்றை வரி: "இலக்கு ஆண்டைச் சரிபார்." சரிபார்த்தேன். கரை நாடுகள் ஹெல்சின்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1974. கடலை நல்ல நிலைக்குக் கொண்டுவருவோம் என்று 2007இல் திட்டம் போட்டபோது வைத்த கெடு 2021. அது வந்தது, கடல் வரவில்லை. அதே 2021இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது 2030 என்றார்கள்.

கேலி செய்வது சுலபம். 2005இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தென்மேற்குக் கழிவுநீர் நிலையம் ஓட ஆரம்பித்தது இந்தப் பின்லாந்து வளைகுடாவுக்குப் பெரிய விஷயம். 1980களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் பால்டிக்குக்கு வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸ் இன்று ஏறக்குறைய பாதி. வேலை நடந்திருக்கிறது. ஆனால் டென்மார்க் பக்கத்துக் குறுகிய நீரிணைகளைத் தவிர இந்தக் கடலுக்கு வாசல் இல்லை. இதன் தண்ணீர் முழுக்க ஒருமுறை மாற ஏறத்தாழ முப்பது வருஷம் ஆகும். நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒரு வயலில் வீசிய உரம்தான் இன்றைக்கு என் குடுவையில் நீலமாகிறது. வெளியிலிருந்து வருவதைக் குறைக்கலாம், உள்ளேயிருந்து ஊறுவதை என்ன செய்வது?

ஜூன் 16

டயாலிசிஸ் முடிந்ததும் அப்பாவின் பாஸ்பரஸ் இறங்குகிறதாம், மறுநாளே ஏறிவிடுகிறதாம். "மெஷின்ல கோளாறா?" என்று அண்ணன் கேட்டான். மெஷின் ரத்தத்தைத்தான் கழுவும், பாஸ்பரஸ் பெரும்பாலும் எலும்பிலும் செல்லுக்குள்ளும் இருக்கிறது, அங்கிருந்து திரும்ப ஊறும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வேற படிக்கிறேன்னு சொன்னே?"

ஜூன் 20

நடுக்கோடை விடுமுறை. நிலையத்தில் நானும் குளிர்பதனப் பெட்டிகளும் மட்டும்.

ஜூன் 21

வந்துவிட்டார்.

இருபத்தைந்து மில்லி கடல்நீர் பிடிக்கும் சிறு உருளையில் அயோடின் விட்டு, ஒருநாள் முழுக்கப் படியவிட்டு, தலைகீழ் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மூன்றாவது வரிசையிலேயே சுருள். நாடுலேரியா ஸ்பூமிஜீனா, நான் காத்திருந்த நீலப்பச்சைப் பாசி. நாணயங்களை அடுக்கி அதன்மேல் இன்னும் அடுக்கி, அடுக்கே வளைந்துபோன மாதிரி இருக்கும். இத்தனை செல்லுக்கு ஒன்று என்று கணக்காக நடுவில் ஒரு வெளிறிய செல். நைட்ரஜன் பிடிக்கும் வேலை அதற்கு மட்டும்தான், ஒளிச்சேர்க்கை அடுக்களையை மற்ற செல்கள் பார்த்துக்கொள்ளும். அழகு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழகுதான்.

இதைச் செல் செல்லாக எண்ண முடியாது. நூறு மைக்ரோமீட்டர் நீளத்தை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். நானூறு எண்ணினால் பிழை பத்து சதவீதத்துக்குள் நிற்கும். இன்று மொத்தம் பதினேழுதான். கட்டைவிரல் கவுன்ட்டரை அமுக்கியபடியே இருந்தது, இனி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும்.

ஜூன் 29

தட்டு 4.3. தண்ணீர் 17.4 டிகிரி. காற்று இல்லை. அவருக்குப் பிடித்த வானிலை.

ஜூலை 6

கரையோரம் பச்சைப் பெயின்ட். காலையில் ஒரு அம்மாள் நாயோடு வந்து, இது நச்சுப் பாசியா, வெறும் பாசியா என்று கேட்டார். கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கச் சொன்னேன். பச்சைத் துகள் மேலே மிதந்து வந்தால் இதுதான், செல்லுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால் மிதக்கும். நாயை நக்க விடாதீர்கள், ஈரலைத் தாக்கும் என்றேன். உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், நாய் அவர் பாதி உயரம் இருந்தது.

1878இல் தென் ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் ஆடுமாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதியதுதான் பாசி நச்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவு. அங்கேயும் இதே ஆள்தான்.

ஜூலை 7

தட்டு 2.9. அப்பா கேட்டார். "நாலு" என்றேன்.

ஏன் சொன்னேன்?

ஜூலை 8

எண்ணிக்கை 412 அலகு. பதினொரு கட்டங்களை ஊகித்து நிரப்பாதவள்தான் நேற்று பொய் சொன்னவள்.

ஜூலை 12

"நாலு."

ஜூலை 14

தூக்கம் இல்லை. உப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பெருங்கடலில் கிலோ தண்ணீருக்கு 35 கிராம், இங்கே ஆறுக்கும் குறைவு. வாயில் வைத்தால் உப்புப் போட மறந்த ரசம். கடல் உயிர்களுக்கு உப்புப் பத்தாது, ஆற்று உயிர்களுக்கு அதிகம். அஞ்சிலிருந்து ஏழு, எட்டு வரையுள்ள இந்த இடைவெளியில்தான் அடித்தள உயிரினங்களின் வகைகள் மிகக் குறைவு என்று ரெமானே 1934இல் வரைந்த வளைவு எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒட்டாதவர்கள் வாழும் இடம். எட்டு வருஷமாக நானும் இங்கேதான்.

அடியில் கனத்த உப்புத்தண்ணீர், மேலே லேசான தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை. அதனால் ஆழத்துக்கு மூச்சு கிடைப்பதில்லை. வட கடலிலிருந்து பெரிய அளவில் புதுத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வர, புயல்கள் சரியான வரிசையில் அமைய வேண்டும். 1993, 2003, பிறகு 2014 டிசம்பர். அந்த 2014 வரத்தைக் கொண்டாடினார்கள். கொண்டுவந்த ஆக்சிஜன் சீக்கிரமே செலவாகிவிட்டது.

ஜூலை 17

தென்மேற்குக் காற்று. இரண்டு நாளாக ஓயவில்லை.

ஜூலை 19

பாசி மாயம். தண்ணீர் 19.1இலிருந்து 8.3க்கு இறங்கிவிட்டது. குளிக்கப் போன மாணவன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். தட்டு 6.1! இந்த வருஷத்திலேயே அதிகம். எல்லோருக்கும் சந்தோஷம், சாப்பாட்டு அறையில் சிரிப்புச் சத்தம்.

காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டது, அந்த இடத்துக்கு அடித்தண்ணீர் ஏறி வந்திருக்கிறது. அவ்வளவு தெளிவு அதனால்தான். பாஸ்பேட் பார்த்தேன். 0.58. நம்பாமல் குடுவையை மாற்றி, பிரஷ்ஷைத் தொடாமல், மறுபடி பார்த்தேன். 0.57.

அப்பாவுக்கு உண்மையான எண்ணைச் சொல்லக் கிடைத்த ஒரே நாள். அழைத்தேன். தூங்குகிறார் என்றாள் அம்மா.

ஜூலை 20

"ஆறா?" என்றார் அப்பா. காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "போன வாரம் நாலு, அதுக்கு முன்னாடியும் நாலு. உன் கடல் ரெண்டு வாரமா அசையவே இல்லையா?"

காற்று இல்லைப்பா என்றேன்.

"சரி. ஆறுன்னு எழுதிக்கிறேன். பக்கத்துல கேள்விக்குறி போடவா?"

ஜூலை 21

போடச் சொன்னேன்.

ஜூலை 25

தண்ணீர் மெதுவாகச் சூடாகிறது. 13.8. இந்தத் தடவை முதலில் அஃபானிசோமெனான், இன்னொரு நீலப்பச்சைப் பாசி. குளிரைத் தாங்குகிற வகை, கற்றை கற்றையாக, வெறும் கண்ணுக்கே வெட்டிய புல் துணுக்கு மாதிரி தெரிகிறது. தட்டு 4.7. அண்ணனின் மூன்று தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை.

ஜூலை 26

அண்ணன் செய்தி: "ஒண்ணும் இல்லை. பொட்டாசியம் ஏறிடுச்சு. அட்மிட் பண்ணியிருக்கு. நீ உன் வேலையைப் பார்."

பொட்டாசியம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

ஜூலை 27

தட்டு 3.4. 3.4 என்றே சொல்லப்போகிறேன்.

அஞ்சு மீட்டர் ஆழத்தில் எடுத்த தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கிறேன். வடிதாள் பச்சையாகி அடைத்துக்கொண்டது, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. மேஜையில் போன் அதிர்கிறது. கையுறையோடு எடுக்கக் கூடாது, இன்னும் இருநூறு மில்லி