கொலகெந்த நிறத்தில் ஒரு மினி

இலங்கையில் கார் இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் போட்ட தடை 2025 தொடக்கம் வரைக்கும் இருந்தது அல்லவா, அந்த இடைவெளிக்குள் நான் ஒரு கார் இறக்குமதி செய்தேன். லண்டனிலிருந்து வந்த மச்சாள் தன் சூட்கேசில், பிள்ளைகளுக்கு வாங்கிய சொக்லேட்டுக்கும் அம்மாவின் முழங்காலுக்கு வாங்கிய களிம்புக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யாரும் வரி கேட்கவில்லை. டமியா என்ற ஜப்பான் கம்பனியின், ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மொடல், 1/24 அளவு மொரிஸ் மினி கூப்பர் 1275எஸ். உண்மையான மினி 10 அடி நீளம், 24ஆல் பிரித்தால் 5 அங்குலம், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி ஒரு வருடத்துக்கு மேல் அலுமாரியின் உச்சியில் கிடந்தது. வேலை, காய்ச்சல், சோம்பல். இந்த ஜனவரியில்தான் திறந்தேன்.

ஏன் மினி என்றால், அப்பாவிடம் 1974இலிருந்து 1979 வரை ஒன்று இருந்தது. அப்போதும் இறக்குமதிக் கட்டுப்பாடுதான், புதுக் கார் என்ற பேச்சே கிடையாது, கைமாறிக் கைமாறி வந்த பழசுதான். கூப்பர் எல்லாம் இல்லை, 848 சிசி சாதாரண மினி. அலெக் இஸிகோனிஸ் என்ற மனிதர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பெட்டியை அதற்குக் கீழே செருகி, அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலு பேருக்கு இடம் கண்டுபிடித்தார் என்று புத்தகங்களில் புகழ்வார்கள். எங்கள் வீட்டில் ஏழு பேர் போவோம். ஆனால் மழை வந்தால் அவ்வளவுதான். எஞ்சினைக் குறுக்கே வைத்ததில், தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரிலுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது, காலி வீதியில் ஒரு பஸ் முழங்கால் தண்ணீரை வாரி அடித்தால் போதும், கார் இருமிவிட்டு நிற்கும், அப்பா இறங்கி பொனட்டைத் திறந்து கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருப்பார், நாங்கள் உள்ளே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்போம், ஏனென்றால் தரையிலும் தண்ணீர் ஊறும்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது கதவைத் திறக்கும் கயிறு. பழைய மினியில் உள்ளே கைபிடி கிடையாது, கதவின் குறுக்கே ஒரு கயிறு ஓடும், இழுத்தால் திறக்கும். அதை இழுத்ததற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். நிறம் மட்டும் நினைவில்லை. இருக்கிற ஒரே படம் கறுப்பு வெள்ளை.

ஸ்காபரோவில் இருக்கிற அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பச்சை என்றார். என்ன பச்சை? "கொலகெந்த மாதிரி, கொஞ்சம் பால் கூடின கொலகெந்த." அண்ணாவின் நினைவு எப்போதும் சாப்பாட்டில்தான் போய் நிற்கும் என்றாலும், கொலகெந்த என்கிற சிங்கள இலைக்கஞ்சியின் நிறம் மினிக்குப் பொருந்தாத நிறமும் இல்லை, அந்தக் காலத்து மினிகளில் ஆமண்ட் கிரீன் என்று வெளிறிய பச்சை ஒன்று வந்திருக்கிறது. சரி, பச்சை என்று முடிவுகட்டினேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அதுதான் பிழை.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒட்டி வெட்டாதீர்கள், கொஞ்சம் தள்ளி ஒரு தடவை, பிறகு ஒட்டி ஒரு தடவை. ஒரேயடியாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்து உள்ளே குழி விழும். பிறகு உடலைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவ வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அச்சு இரண்டும் சந்தித்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும், அதை 800 சான்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தேன். சேஸி, சில்லுகள், சீட் எல்லாம் இரண்டு மூன்று இரவில் முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை, டமியா ஆட்கள் எல்லாவற்றையும் அளந்துதான் வெட்டியிருக்கிறார்கள்.

பெயின்ட்தான் கதை. ஸ்பிரே டின்னை விமானத்தில் கொண்டுவர முடியாது, தீப்பற்றும் சாமான். அதனால் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நிஜக் காருக்குக் கழன்ற எதுவும் கிடைக்கும் அந்தத் தெருக்களில் பெயின்ட் கலக்கிற கடைகளும் இருக்கின்றன. கவுண்டரில் இருந்தவர் நிறத்தின் கோட் இலக்கம் கேட்டார். இல்லை என்றேன். என்ன வாகனம் என்றார். மினி. எவ்வளவு வேணும் என்றார். 100 மில்லி. என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லாமல், "கொலகெந்த பாட்ட" என்றேன், சிங்களத்தில் கொலகெந்த நிறம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பச்சை, வெள்ளை, துளி மஞ்சள், அதற்குமேல் ஈர்க்கு நுனியால் தொட்டுக் கறுப்பு. மூடியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கஞ்சியோடு கடிக்கிற சர்க்கரைத் துண்டை எடுக்கலாம் போலிருந்தது.

வாகன லெக்கர் பெயின்டை மொடல் பிளாஸ்டிக்கில் அடிக்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் தின்னர் பொலிஸ்டைரீனைத் தின்னும். முதலில் மொடலுக்கென்றே விற்கிற பிரைமர், அதற்கு மேல் லெக்கரைப் பனி படர்ந்த மாதிரி மெல்லிசாக நாலைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் காயவிட்டு. முதல் தடவையிலேயே பளபளப்பு வரவேண்டும் என்று ஊற்றினால் கூரை வெயிலில் வைத்த மெழுகுதிரி ஆகிவிடும். எயார்பிரஷ்ஷுக்குக் கரைக்கிற பதத்தை இணையத்தில் எல்லாரும் பால் என்பார்கள். நான் சொல்வது சொதிப் பதம். குழம்பாக இருந்தால் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக விழும். முகத்துக்குக் கோவிட் காலத்து மாஸ்க் போதாது, அது தின்னர் ஆவியை மறிக்காது, கரி வடிகட்டி வைத்தது வேணும்.

வெள்ளவத்தையில் எங்கள் மாடியின் பல்கனி ரயில் பாதையையும் கடலையும் பார்த்தது. பார்க்க அழகுதான், பெயின்ட் அடிக்க இதைவிட மோசமான இடம் இல்லை. முதல் நாள் மழை விட்ட பின்னேரம் ஆசைப்பட்டு அடித்தேன், பத்து நிமிடத்தில் பச்சைக்கு மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது, பழைய சொக்லேட்டில் பூப்பது போல. தின்னர் வேகமாகப் பறக்கும்போது அந்த இடம் குளிர்ந்துபோகிறது, காற்றில் இருக்கிற ஈரம் அதில் இறங்கி பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம். மெதுவாக உலரும் தின்னரைக் கலந்து, வெயில் ஏறிய பத்து மணிக்குப் பிறகு மறுபடி மெல்லிசாக அடித்தேன், பூத்தது மறைந்துவிட்டது. அதன் பிறகு காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் மட்டும்தான். சனிக்கிழமைகள் எல்லாம் இப்படிப் போயின, வீட்டில் முணுமுணுப்பு இருந்தது, எழுதவில்லை.

நிறம் பிடித்தது. மேலே கிளியர் அடித்தேன், பளபளப்புக்கு அடிக்கிற நிறமில்லாத பூச்சு. மெதுவாகக் காய்கிற வகை, இரவு முழுக்க விட வேண்டும். ஒரு பேசினைக் கவிழ்த்து மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. காலையில் வந்து பார்த்தால் பொனட்டிலிருந்து கூரை வரை சின்னச் சின்னக் கால் தடங்கள், ஐந்து விரல், நடுவில் வால் இழுத்த கோடு. பல்லி. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் தலை, தோள், கை, கால் என்று எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறார்கள், பொனட்டுக்குப் போடவில்லை, எடுத்துப் பார்த்தேன்.

1500 சான்ட் பேப்பரில் தேய்த்து எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். தடம் போனது, அதோடு கூரை விளிம்பில் பச்சையும் போய் சாம்பல் பிரைமர் எட்டிப் பார்த்தது. மினியின் உடலில் தகடுகள் ஒட்டிய இடமெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அந்த விளிம்புகளில் சான்ட் பேப்பர் ஒரு தடவை கூடப் போனாலும் முடிந்தது. கடைசியில் பஞ்சிகாவத்தைக்கே திரும்பிப் போய் ஒரு போத்தல் பிரேக் ஒயில் வாங்கி, ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, உடலை இரண்டு நாள் ஊறப்போட்டேன். நிஜக் காரின் பெயின்டை உரிக்கிற அதே ஒயில் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கையுறை போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கப் பச்சை தோல் தோலாகக் கழன்றது.

அந்த டப்பாவை அம்மா பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி இது, ஐஸ்கிரீமோ?"

"அப்பாட மினி. திரும்பப் பச்சை அடிக்கப் போறன்."

"பச்சையோ? ஆர் சொன்னது? அது வெள்ளைக் கார். கலியாண வீட்டுக்குப் போகேக்க பால் மாதிரி நிண்டது."

அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன். பதினைந்து நிமிடம் இருவரும் வாதாடினார்கள். அம்மா சேலை நிறங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், அண்ணா பள்ளிக்கூட வாசலைக் கூப்பிட்டார். அப்பா பக்கத்து அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், 87 வயது, காது கொஞ்சம் மந்தம், எங்களுக்குத் தேவையில்லாதபோது நன்றாகக் கேட்கும். அவர் எழுந்து வரவில்லை, அங்கிருந்தே, "வாங்கேக்க வெள்ளை. துருப்பிடிச்சு டிங்கரிங் செய்த பிறகு பச்சை. உள்ளுக்கு அவன் அடிக்கேல்ல, காசு மிச்சம் பிடிச்சவன். கதவைத் திறந்தா வெள்ளை," என்றார். இவ்வளவு நாளும் அவரிடம் ஏன் கேட்கவில்லை என்று மனைவி கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது, ஐம்பத்தாறு வயதில்.

அதனால் இரண்டாவது தடவை உள்ளே கதவுப் பக்கமெல்லாம் வெள்ளை, வெளியே பச்சை. டமியாவின் கதவு திறக்காது, ஜன்னலால் எட்டிப் பார்த்தால்தான் வெள்ளை தெரியும். கயிறும் போட்டேன், கறுப்புத் தையல் நூலைப் பசையில் தோய்த்து விறைப்பாக்கி, இரண்டு நுனியையும் ஒட்டினேன். இந்தக் காரில் எனக்கு ஆகப் பிடித்த பாகம் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் நூல். கிளியர் அடித்து, இந்த முறை பேசினைக் கவிழ்த்து மூடி, பேசினுக்கு மேல் அரைத்த மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றும் பாரம் வைத்தேன்.

மிச்சம் இலக்கத் தகடு. கிட்டோடு வந்த ஸ்டிக்கரில் ஆங்கில எழுத்துத் தகடுகள்தான், அப்பாவுடையது சிங்கள ஸ்ரீ. இளையவர்களுக்கு ஒரு வரி: 1956இல் தனிச்சிங்களச் சட்டம், அடுத்த வருடம் 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிகிற வாகனங்களில் ஆங்கில எழுத்து போய்ச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் புதிதாக உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்கே வந்தபோது தார் பூசி அழித்தார்கள், அதன்மேல் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். அப்பாவுக்கு அப்போது 20 வயது, யாழ்ப்பாணத்தில் இருந்தார், தார் வாளி தூக்கினார். பிறகு கொழும்பில் வேலை கிடைத்து, கலியாணம் கட்டி, 1974இல் வாங்கிய கார் முன்னாலும் பின்னாலும் அதே எழுத்தோடு வந்தது. ஐந்து வருடம் அதை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கழுவினார்.

அண்ணா அச்சடித்து ஒட்டச் சொன்னார். அடித்துப் பார்த்தேன், தாளின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது, எழுத்தும் கணினி எழுத்து மாதிரியே நின்றது. அந்தக் காலத்துத் தகடுகளைக் கையால்தான் எழுதுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் துண்டைக் கறுப்பாக்கி, வெள்ளை எனாமலில் எழுத முயன்றேன். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர். எண்கள் ஒருவாறு வந்தன, ஸ்ரீ வரவில்லை. மேலே ஒரு சுழி, கீழே ஒரு வளைவு, இரண்டுக்கும் நடுவில் உடல், தினமும் தெருவில் வாசிக்கிற மொழிதான், எழுதப் போனால் என் கை தமிழில்தான் வளைகிறது. மூன்று பூச்சிய பிரஷ்ஷால் ஒன்பது தகடு வீணாக்கினேன். பத்தாவதுக்கு ஈர்க்கைச் சீவி, நுனியை பெயின்டில் தொட்டு, கோடு இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனேன். வந்தது.

போன ஞாயிறு அப்பாவின் கையில் கொடுத்தேன். ஜன்னலால் உள்ளே பார்த்து வெள்ளையைக் கண்டுபிடித்தார், கயிற்றைக் கண்டுபிடித்தார், பேசவில்லை. பிறகு பேப்பர் வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பின்தகட்டை நெடுநேரம் பார்த்தார்.

"எழுத்து சரி," என்றார். "தார் எங்கை?"

இப்போது அது ரீவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வலப்பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை, ஒட்டும்போது கிடுக்கியிலிருந்து துள்ளிப் போய் அலுமாரிக்கு அடியில் எங்கோ விழுந்துவிட்டது, டோர்ச் அடித்துத் தேடியாயிற்று. அப்பாவைக் கேட்டேன், நிஜக் காரில் அந்தப் பக்கம் கண்ணாடி இருந்ததா என்று. இருந்ததாம்.