கிறிஸ்துமஸ் பலகார நூலை மே மாதத்தில் சோதிக்க வேண்டும்

கிறிஸ்துமஸ் பலகாரங்களைப் பற்றிய கைப்பிரதிகள் எங்கள் பதிப்பகத்துக்குப் பெரும்பாலும் அக்டோபரில்தான் வந்து சேரும். டிசம்பருக்குள் புத்தகமாகிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும். நடக்காது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்ட கையோடு சிவகாசி அச்சகங்கள் காலண்டர் வேலையில் இறங்கிவிடும். பிறகு டைரி, தீபாவளி விடுமுறை. வண்ணப் பக்கங்கள் உள்ள நூலுக்கு அச்சகத்தில் இடம் வேண்டுமென்றால் கோப்பு ஆகஸ்டில் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் படம் எடுக்க ஒரு மாதம், அதற்கும் முன் செய்முறைகளைச் செய்துபார்க்க இரண்டு மாதம். கணக்குப் போட்டால், பிளம் கேக்கை முதலில் சோதிப்பது மே, ஜூனில்.

தொல்லையாகத் தோன்றினாலும் நூலுக்கு இது நல்லது. டிசம்பருக்கு மட்டுமான புத்தகம் பிப்ரவரியில் கடைகளிலிருந்து கட்டாகத் திரும்பி வரும். பலகாரங்களோ அப்படி இல்லை. தூத்துக்குடி மக்ரூன் ஆண்டு முழுவதும் விற்கிறது. நாகர்கோவில் பக்கம் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் எந்த மாதமும் கிடைக்கும். வீட்டில் செய்பவர்களும் கோடை விடுமுறையில் கேக் போடுகிறார்கள். எழுதப்பட்ட செய்முறைதான் டிசம்பர்க் குளிரை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறது.

வெண்ணெயை எடுத்துக்கொள்வோம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கும்போது உள்ளே புகும் காற்று கேக்கை எழுப்புகிறது. அந்தக் காற்று தங்க வேண்டுமானால் வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில், விரலால் அழுத்தினால் பதியும் பதத்தில் இருக்க வேண்டும். 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று எழுதிவிடுகிறார்கள். சென்னையில் மே மாதத்து அறை 35 டிகிரி. வெண்ணெய் உருகி நிற்கும், எவ்வளவு அடித்தாலும் வெளுக்காது, கேக்கின் அடிப்பாகம் களியாகப் படியும். 'ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி 10 நிமிடம் கழித்து அடிக்கவும். கிண்ணத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்துக்கொள்ளவும்' என்று திருத்தினால் எந்த மாதத்திலும் கேக் வரும். ஊட்டி வாசகருக்குச் சிக்கல் வேறு. அங்கே சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைக்காவிட்டால் கேக் வேகமாக உப்பி நடுவில் அமுங்கிவிடும். கடையில் பாக்கெட்டில் வரும் மஞ்சள் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு உண்டு என்பதையும் செய்முறையிலேயே சொல்லிவிட வேண்டும்.

உலர்பழம் ஊறவைப்பதில் வரும் பிழை இன்னும் மோசமானது. 'ரம் அல்லது ஆரஞ்சுச் சாற்றில் ஒரு மாதம் ஊறவிடவும்' என்று ஒரே வரியில் இருக்கும். அந்த 'அல்லது' ஆபத்து. பழம் முழுவதும் மூழ்கும் அளவுக்கு ரம் ஊற்றிக் கண்ணாடிச் சாடியில் மூடி வைத்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை இருக்கும். சாற்றில் ஊறும் பழத்தை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வெயில் காலத்தில் வெளியே விட்டால் நுரைத்துப் புளிக்கும். ஊறிய பழத்தை வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டிப் போடுவது அது அடியில் இறங்காமல் இருக்க. மாவே தண்ணீராக இருந்தால் அதுவும் உதவாது. ஒரு கிலோ கேக்குக்கு 150 டிகிரியில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். 180 டிகிரியில் வைத்தால் மேல்புறம் வெடிக்கும், உள்ளே வேகாது.

மக்ரூனுக்கு எதிரி ஈரம். வெள்ளைக்கரு 100 கிராம், சர்க்கரை 200 கிராம், முந்திரித்தூள் 200 கிராம் என்பது கையாள எளிதான அளவு. முந்திரியை மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் கக்கும், அந்த எண்ணெய் பட்டதும் நுரை இறங்கிவிடும். விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், கூடவே ஒரு கைப்பிடி சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம். 120 டிகிரிக்கு மேல் போகாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்த்தி, அடுப்பு ஆறும்வரை உள்ளேயே விட வேண்டும். மழைக்காலத்தில் தட்டில் ஆறவிட்டால் அரை மணியில் பிசுபிசுக்கும்.

மைதா மாவில் பொரிக்கும் கலகலா மறுநாள் நமத்துப்போவதற்கும் மழையைக் குறை சொல்கிறார்கள். பாதி உண்மை. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே சிவந்து உள்ளே ஈரம் தங்கும், அந்த ஈரமே பிறகு வெளியே வந்து நமக்கச் செய்யும். மிதமான சூட்டில், சலசலப்பு அடங்கும்வரை பொரிக்க வேண்டும். முந்திரிக்கொத்தில் தேங்காயை ஈரம் போக வறுக்காவிட்டால் நான்கைந்து நாளில் சிக்கு வாடை. அச்சு முறுக்குக்கு அச்சைக் காய்ந்த எண்ணெயிலேயே வைத்திருந்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் அமிழ்த்த வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் கழலாது.

இவ்வளவையும் ஒருவர் தன் அடுக்களையில், தன் கைப்பழக்கத்தில் செய்துவிடுகிறார். அதனாலேயே எழுத மறந்துவிடுகிறார். நல்ல பதிப்பகத்தின் பயன் இங்கே தொடங்குகிறது: எழுதியவரைத் தெரியாத ஒருவர் வேறொரு அடுப்பில் செய்துபார்க்கிறார். தாளில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

பிறகு அச்சுக் கோப்பின் தனிப் பிழைகள். பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றும்போது 1½ என்பதில் ½ காணாமல் போய் 1 மட்டும் நிற்கும். ஆகவே 'ஒன்றரை' என்று எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பு. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, தே.க., மே.க. என்று சுருக்கினால் ஒரு எழுத்துப் பிழை சமையல் சோடாவை மூன்று மடங்காக்கும். வாட்ஸப்பில் வரும் படம் சுருங்கி வருவது, அச்சுக்கு ஆகாது. பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் பிளம் கேக்கின் அடர்பழுப்பு அதில் கரியாகத் தெரியும், அதனால் அந்தப் பக்கங்களை மட்டுமாவது 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) எடையுள்ள வழவழப்பான ஆர்ட் தாளில் தனியாக அடிக்க வேண்டும். பசை வைத்து ஒட்டிய நூல் சமையல் மேடையில் விரித்தால் மூடிக்கொள்ளும். சுருள் கம்பி போட்டால் விரியும், ஆனால் முதுகில் தலைப்பு இருக்காது, கடைக்காரர் அடுக்கில் வைக்க மாட்டார். தைத்துக் கட்டுவது செலவு கூடினாலும் சமையல் நூலுக்குச் சரி.

பணக் கணக்கில் சுயபதிப்பு கவர்ச்சியானது. உதாரணத்துக்கு, விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் 40 சதவீதம் போனால் மிச்சம் 180. அச்சுச் செலவு 90, ஆசிரியருக்கு 10 சதவீத ராயல்டி 30. மீதி 60 ரூபாயில்தான் சோதனை, படம், வடிவமைப்பு, கிடங்கு, விற்காத பிரதி எல்லாம் அடங்க வேண்டும். '30 ரூபாய்தானா?' என்ற கேள்வி நியாயமானது. தானே அச்சிட்டாலும் கடைக்குப் போனால் அந்த 40 சதவீதம் போகத்தான் செய்யும். ஆயிரம் பிரதிக்கான முதலும் வீட்டில் அடுக்கிய பெட்டிகளும் சொந்தக் கணக்கு. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பெட்டி இல்லை, ஆனால் வண்ணப் பக்கங்கள் நிறைந்த நூலுக்கு ஒரு பிரதியின் அச்சுச் செலவே விற்பனை விலையை நெருங்கும். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே நூலை வைத்துக்கொண்டு அரங்கு எடுப்பதும் கட்டுப்படியாகாது.

ஆசிரியரிடமே பணம் கேட்பவர் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் அச்சுச் சேவை தருபவர்தான். நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணம் என்று ஒரு வரி பட்டியலில் இருந்தால் விசாரியுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது.

உண்மையான பதிப்பாளரிடமும் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் கையெழுத்திட வேண்டும். ராயல்டி அச்சிட்ட விலையிலா, கழிவு போக வரும் தொகையிலா? மேலே சொன்ன நூலில் அது 30 ரூபாய்க்கும் 18 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். மின்னூல், மொழிபெயர்ப்பு, காணொளி உரிமைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். அதை நம்பாமல் காலத்தையும் எழுதிக்கொள்வது நல்லது. பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது, விளக்கிய விதத்துக்கு உண்டு. படங்கள் யாருடையவை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தலைப்பில் 'கிறிஸ்துமஸ்' வேண்டுமா என்பதையும் அப்போதே பேசிவிடலாம். துணைத்தலைப்பில் இருந்தால் ஏப்ரலிலும் கடை அடுக்கில் நிற்கும் என்பது எங்கள் கருத்து.

ஒரு தேவாலயப் பங்கின் பெண்கள் குழு 200 பிரதி அடித்துத் தேவாலய வாசலிலேயே விற்பதற்கோ, பேக்கிங் வகுப்பு எடுப்பவர் மாணவர்களுக்குக் கொடுப்பதற்கோ பதிப்பாளர் தேவையில்லை. கடை இல்லாததால் 40 சதவீதமும் இல்லை. பிழை தெரிந்தால் கோப்பைத் திருத்தி அடுத்த 50 பிரதியிலேயே சரிசெய்யவும் முடியும், பதிப்பகத்தில் அது மறு அச்சுவரை காத்திருக்கும். ஆனால் கோப்பு அச்சகம் போகுமுன், இதையெல்லாம் செய்தே பழகாத ஒருவரிடம் கொடுத்து நான்கு செய்முறைகளையாவது செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.