சுங்கை சிப்புட் வீட்டுக் குளத்துக்கு எந்த அல்லி?

முதலில் வெயிலைப் பாருங்கள். அல்லிக்கு தினமும் ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். பக்கத்துச் செம்பனை நிழல் விழும் இடமென்றால் 'டாபன்' வகை பரவாயில்லை. சின்னக் குளத்துக்கும் அடங்கும், இலை நடுவிலேயே குட்டிச்செடி விடும்.

பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் நீல அல்லி வாங்கிப் பயனில்லை. வீடு திரும்பும்போது பூ மூடியிருக்கும். இரவில் பூக்கும் செவ்வல்லியோ வெள்ளையோ எடுங்கள். அந்தியில் விரிந்து மறுநாள் காலை வரை நிற்கும். ஆனால் இலை அகலமாகப் படரும், சின்னத் தொட்டிக்கு ஆகாது.

நடுவதற்கு 30 செ.மீ. அகலமுள்ள பேசின் போதும். களிமண்தான் சரி. கடையில் விற்கும் மூட்டை மண்ணில் தேங்காய் நார்த்தூள் கலந்திருக்கும். மிதந்து, அழுகி, தண்ணீரைக் கறுப்பாக்கும். கிழங்கின் குருத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும், புதைத்தால் அழுகிவிடும். மேலே கூழாங்கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் கோய் மீன் கிளறிவிடும். குருத்துக்கு மேல் 15 செ.மீ. தண்ணீரில் தொடங்கி, இலை வர வர 40 வரை இறக்கலாம்.

உரத்தைத் தண்ணீரில் தூவினால் பாசிதான் செழிக்கும். காகிதத்தில் பொட்டலம் கட்டி, வேரருகே மண்ணுக்குள் அழுத்துங்கள். செயற்கை நீரூற்றின் சாரல் இலையில் படக்கூடாது. கொசுப்புழுவுக்கு நாலைந்து கப்பி மீன்.