விட்டன் காட்டில் கரி தேடி ஒரு நடை

ஜெர்மனியின் ரூர் பகுதி என்றதும் பலருக்கும் எசன் நகரத்தின் சோல்ஃபெராயின் சுரங்கமும் அதன் பிரம்மாண்டமான இரும்புக் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நிலக்கரித் தொழில் ஏன் இங்கே முளைத்தது, பிறகு ஏன் இடம் பெயர்ந்தது என்று புரிய வேண்டுமானால் டார்ட்மண்டுக்குத் தெற்கே, விட்டன் நகரத்தை ஒட்டிய முட்டன்டால் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். பீச், ஓக் மரங்கள் அடர்ந்த காடு, நடுவே ஒரு சிற்றோடை, அடிவாரத்தில் ரூர் ஆறு. பார்வைக்கு அவ்வளவுதான். அந்தக் காட்டுத் தரைதான் இங்கே படிக்க வேண்டிய ஏடு.

கரி அடுக்குகள் வடக்கு நோக்கிச் சரிந்து கிடப்பதுதான் இந்த ஊரின் தலையெழுத்து. தெற்கே, அதாவது முட்டன்டாலில், அவை தரையைத் தொடுகின்றன. வடக்கே போகப் போக ஆழத்தில் இறங்கிவிடுகின்றன. அதனால் ஆரம்பத்தில் இங்கே மண்வெட்டியும் வாளியும் இருந்தாலே போதும், கரி கிடைத்தது. பன்றி மேய்த்த சிறுவன் மூட்டிய நெருப்பு விடிந்த பின்னும் அணையாமல் கனன்றதால் கரி இருப்பது தெரியவந்தது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. கதையை நம்புவது உங்கள் விருப்பம். குழிகளை நம்பியே ஆக வேண்டும், கண்ணெதிரே கிடக்கின்றன.

அந்தக் குழிகளை அடையாளம் காண்பது சுலபம். புனல் போன்ற பள்ளம், சுற்றிலும் தோண்டிப் போட்ட மண் ஒரு வளையமாக மேடிட்டிருக்கும். ஒன்றைக் கண்டால் அங்கேயே நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கரி அடுக்கு ஓடும் திசையிலேயே அடுத்தது, அதற்கடுத்தது என வரிசையாகத் தெரியும். காற்றில் சாய்ந்த மரத்தின் வேர்மண்ணைக் கிளறினால் கறுப்புத் துணுக்குகள் தட்டுப்படும். இலை உதிர்ந்த நவம்பரோ, துளிர் விடாத மார்ச்சோ இதற்குத் தோதான காலம். கோடையில் வந்தால் பசுமை எல்லாவற்றையும் மூடிவிடும். குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள். பழைய வெற்றிடங்கள் திடீரென உள்வாங்குவது இந்தப் பகுதியில் இன்றும் நடக்கிறது. பாதையை விட்டு விலகாதே என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

குழி கொஞ்சம் ஆழமானதும் தண்ணீர் நிரம்பிவிடும். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் கிடைச் சுரங்கம். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மலைக்குள் படுக்கைவாக்கில் குடைந்து போவார்கள். உள்ளே போகப் போகத் தரை கண்ணுக்குத் தெரியாத அளவில் உயரும். தண்ணீர் தானாக வெளியே வடியும், கரித் தள்ளுவண்டியும் பாரத்தோடு இறக்கத்தில் வரும். ஒரே சரிவு இரண்டு வேலையைப் பார்த்தது. சுரங்கவாய்கள் எல்லாம் ஓடையையும் ஆற்றையும் ஒட்டி இருப்பதன் காரணம் இதுதான். வழியில் அவற்றை இரும்புக் கம்பிக் கதவு போட்டு அடைத்திருப்பார்கள், வௌவால்கள் போய்வர மட்டும் இடைவெளி விட்டு. பழைய சுரங்கத்திலிருந்து வடியும் நீர் சில இடங்களில் செங்காவி நிறத்தில் படிந்திருக்கும். கரியோடு சேர்ந்திருக்கும் இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைய, கரைந்து வரும் இரும்பு வெளியே வந்ததும் துருவாகப் படிகிறது.

சுரங்கவாயின் மட்டத்துக்கு மேலே இருந்த கரி தீர்ந்ததும் கீழே இறங்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்கருகே இருக்கும் நாக்டிகால் சுரங்கம் 1832 வாக்கில் செங்குத்துக் குழி தோண்டத் தொடங்கியது. நீராவி எந்திரம் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே நானூறு மீட்டருக்கும் கீழே போனார்கள். தண்ணீரோ விடவில்லை. செலவு கட்டுப்படியாகாமல் 1892இல் மூடினார்கள். அதற்குள் தொழிலே வடக்கே நகர்ந்திருந்தது. அந்த வடக்கு நோக்கிய ஓட்டம் பாட்ராப் நகரில், ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 2018 டிசம்பர் 21 அன்று முடிந்தது. ரூரின் கடைசிச் சுரங்கமான ப்ராஸ்பர்-ஹானியலிலிருந்து அன்றுதான் கடைசிக் கரிக்கட்டியை அடையாளமாக மேலே கொண்டுவந்தார்கள்.

நாக்டிகால் இன்று அருங்காட்சியகம். இங்கே அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். கரிச்சுரங்கம் மூடிய இடத்தில் 1897இல் டூன்கெல்பெர்க் என்பவர் செங்கல் ஆலை போட்டார், அது 1963 வரை ஓடியது. அதன் வளையச் சூளைக்குள் நடந்தே போகலாம். கோவைப் பக்கம் சேம்பர் சூளை என்பார்களே, அதே குடும்பம். நீள்வட்டமாக ஒரு வளைவுக்கூரைச் சுரங்கம், பக்கவாட்டில் கல் ஏற்றி இறக்கும் வாசல்கள். செங்கல் அடுக்கிய இடத்திலேயே இருக்கும், நெருப்புத்தான் சுற்றி வரும். கூரையில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கரித்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவார்கள். வெந்து ஆறிக்கொண்டிருக்கும் கல்லைக் கடந்து வரும் காற்று சூடேறி நெருப்புக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் புகை முன்னால் இருக்கும் பச்சைக் கல்லை உலர்த்தும். வெப்பத்தை வீணாக்காமல் ஆண்டு முழுக்க எரிய வைத்த ஏற்பாடு. உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தால் அந்தத் துளைகள் தெரியும்.

மலைக்குள் போகும் சுரங்கப் பார்வைக்கு வழிகாட்டியோடுதான் அனுமதி, தனிக் கட்டணம் உண்டு. தலைக்கவசம் அவர்களே தருவார்கள். உள்ளே கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். குனிந்து நடக்க வேண்டிய இடங்கள் உண்டு என்பதால் முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. காட்டுப்பாதைக்கு விடுமுறை கிடையாது, ஆனால் சுரங்கத்துக்குள் போகாமல் திரும்பினால் பாதி வந்த கணக்குத்தான். வார இறுதியில் இடம் சீக்கிரம் நிரம்பும், எனவே காலையில் முதல் வேலையாகச் சுரங்கம், பிறகு நடை என்று வைத்துக்கொள்வது நல்லது.

சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். குறுக்கே வைத்த சுத்தியலும் உளியும்தான் வழிகாட்டும் சின்னம். பலகைகளைப் படித்துக்கொண்டு போனால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நாக்டிகாலிலிருந்து கிளம்பி ஸ்டைன்ஹவுசன் மாளிகை இருக்கும் மேட்டுக்கு ஏறி, பிறகு ஓடையோரமாக உள்ளே போவது என் சிபாரிசு. முதலில் மூச்சு வாங்கும், போகப் போக எளிதாகிவிடும். ஈர இலை படிந்த சரிவும் மரவேர்களும்தான் காலை வாருபவை, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ போதும். முழங்கால் தெரியும் உடை வேண்டாம், இந்தக் காட்டில் உண்ணி உண்டு. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் சூப்பர் மார்க்கெட்டும் மூடியிருக்கும்.

ஓடையோரம் மரச்சட்டமிட்ட ஒரு சிறு வீடு வரும். அதுதான் பிரார்த்தனை வீடு. வேலைக்கு இறங்குமுன் தொழிலாளர்கள் இங்கே கூடி ஜெபிப்பார்கள். கூடவே வருகைப் பதிவும் நடக்கும், யார் வரவில்லை என்பது மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். பக்தியும் மஸ்டர் ரோலும் ஒரே கூரையின் கீழ். கீழே உளிகளைத் தீட்டித் தரும் கொல்லன் பட்டறை.

காட்டில் இன்னொரு அடுக்கு வரலாறும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து எரிபொருளுக்குத் தவித்த காலத்தில், நூறு வருடம் முன்பு கைவிட்ட மிச்சக் கரியைத் தேடி இதே மலைக்குள் சிறு சிறு சுரங்கங்கள் மறுபடி முளைத்தன. மரக்கோபுரம், ஒரு வின்ச், சில ஆட்கள், அவ்வளவுதான் முதலீடு. அப்படிப்பட்ட ஒன்றை நாக்டிகால் வளாகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஹெர்பெடாவில் எக்பெர்ட் என்ற சிறு சுரங்கம் 1976 வரை தாக்குப்பிடித்தது, அதன் கோபுரம் இன்னும் நிற்கிறது.

மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினால் ஹார்டன்ஸ்டைன் கோட்டை. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இப்போது கூரையற்ற சுவர்களும் வட்டக் கோபுரங்களும்தான் மிச்சம். கட்டணம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோல்டமார் என்ற குள்ள ராஜா இங்கே விருந்தாளியாக இருந்தான் என்கிறது உள்ளூர்க் கதை. அவன் காலடியைப் பார்க்க ஆசைப்பட்ட சமையல்காரப் பையன் தரையில் சாம்பலைத் தூவ, அவனைக் கொன்று வறுத்துத் தின்றுவிட்டு ராஜா சபித்துவிட்டுப் போனானாம். குழந்தைகளோடு போனால் கதையின் பிற்பாதியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

கரி எடுத்தால் மட்டும் போதுமா, விற்க வழி வேண்டுமே. 1780 வாக்கில் ரூர் ஆற்றில் 16 லாக்குகள், அதாவது நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், கட்டிப் படகு ஓட வழி செய்தார்கள். அவற்றில் ஒன்றான ஹெர்பெடா லாக் கோட்டைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கே போக இலவசப் படகு உண்டு, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். உண்டியலில் ஏதாவது போடுவது மரியாதை. குளிர்காலத்தில் ஓடாது, ஆற்றில் வெள்ளம் வந்தாலும் ஓடாது. இதை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். படகு இருந்தால் அக்கரையில் லாக் காவலர் வீட்டில் காபி குடித்துவிட்டு வரலாம். இல்லையென்றால் இக்கரையோடு தண்டவாளத்தை ஒட்டிய சமதளப் பாதையில் நாக்டிகாலுக்குத் திரும்பிவிடலாம்.

டார்ட்மண்டிலிருந்து வருபவர்களுக்கு எஸ் 5 புறநகர் ரயில் வசதி. விட்டன் மத்திய நிலையத்தில் இறங்கினால் நாக்டிகால் வரை நடக்கும் தூரம்தான். பாம்மர்ன் பக்கம் ஆற்றைக் கடக்கும்போது பல வளைவுகள் கொண்ட கல் ரயில்பாலம் கண்ணில் படும், முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டியது. ரூர் ஆற்றோர சைக்கிள் பாதையும் இந்த வழியாகவே போவதால் ஞாயிறு பிற்பகல்களில் சைக்கிள்கள் வரிசையாக வரும். நடப்பவர்கள் வலது ஓரமாகப் போவது நல்லது, பின்னால் மணி அடித்தால் திரும்பிப் பார்த்து வழியில் நிற்காமல் ஒதுங்கிவிடுங்கள்.