மைனருக்குப் பச்சை

2025 ஜனவரி 6

இலங்கை ஹட்டனில் எங்கள் கராஜ். பழைய மொரிஸ் மைனர் காரைத் துரு நீக்கிப் பச்சை பெயின்ட் அடிக்கும் வேலை. காலை 7 மணிக்கு ஈரப்பதன் 94 சதவீதம். பத்து மணிக்கு 88. இன்றைக்கு எதுவும் அடிக்க முடியாது.

ஜனவரி 7

இடது சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு) வெல்டிங் முடிந்தது. உள் சில், நடுத் தகடு, வெளிச் சில் மூன்றும் புதிது. பின் ஸ்பிரிங்கைப் பாடியோடு பிடிக்கும் ஹேங்கர்களில் வலது பக்கம் விரலால் குத்தினால் உள்ளே போகிறது. மைனருக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. சில் உக்கிய காருக்கு மேலே என்ன நிறம் பூசினாலும் நடு வளைந்து கதவு உரசும். கதவு இடைவெளி இப்போது மேலே 4 மில்லிமீட்டர், கீழே 6. பிணைச்சலை இந்த வாரமே சரிக்கட்ட வேண்டும். பெயின்ட் ஏறிய பிறகு கதவை நகர்த்தினால் ஓரம் சீவிக்கொண்டு வரும்.

ஜனவரி 9

மத்தியானம் 80 நம்பர் சாண்ட் பேப்பரில் தேய்த்துத் தகடு வெள்ளையாகத் தெரிய விட்ட, காரின் பின்பக்க மூலை நாலு மணிக்கெல்லாம் செம்மஞ்சள் ஏறி நிற்கிறது. மழை படவில்லை, கூரைக்குள்தான் இருந்தது. காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் வெறுந்தகட்டுக்கு அதுவே போதும்.

துரு மாற்றியைப் பூசிவிட்டு மேலே அடித்துவிடலாம் என்கிறார் பெயின்ட் பாஸ் (மேஸ்திரி). துரு மாற்றியில் உள்ள பாஸ்பரிக் அமிலம் மிச்சமிருந்தால், மேலே அடிக்கும் எபொக்சி அடிப்பூச்சின் ஹார்ட்னரை (இறுக வைக்கும் மருந்தை) அது முறித்துவிடும். எபொக்சி மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் தகட்டைப் பிடிக்காது, ஆறு மாதத்தில் தோலாக உரியும். அமிலம் பூசினால் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவினால் மறுபடி துரு. இங்கே அந்தச் சுற்றுக்குள் போகவே கூடாது.

ஆகவே முழுக் காரையும் வெள்ளையாக்கி வைக்கும் வேலை இல்லை. ஒரு பகுதி தேய்த்து, எண்ணெய் நீக்கியால் இரண்டு துணி வைத்துத் துடைத்து (நனைத்த துணி ஒன்று, உடனே உலர்ந்த துணி ஒன்று), அன்று மத்தியானமே எபொக்சி. அடுத்த பகுதி அடுத்த வெயிலுக்கு.

ஜனவரி 12

கணக்கு சுவரில் எழுதி ஒட்டியாச்சு. காற்று 17 பாகை, ஈரப்பதன் 90 என்றால் பனிபடுநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) 15க்குச் சற்று மேலே. தகடு அதைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும், இரண்டுகூட இல்லை. காற்று 22, ஈரப்பதன் 62 என்றால் பனிபடுநிலை 14 அளவில் நிற்கும். அப்போது தாராளமாக அடிக்கலாம். காற்றின் சூட்டைப் பார்த்துவிட்டு பெயின்ட் தெளிக்கும் கன்னை எடுப்பதுதான் பலரின் வழக்கம். தகட்டின் சூட்டையும் பார்க்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது தகடு இன்னும் சில பாகை இறங்கும், அதையும் கழிக்க வேண்டும்.

ஹட்டனில் இந்த மாதத்தில் அந்தக் கணக்கு ஒத்துவருவது பத்தரைக்கும் இரண்டுக்கும் இடையில்தான். அதுவும் எல்லா நாளும் இல்லை.

ஜனவரி 14

பொங்கல். சாம்பிராணியும் விளக்கும் கராஜுக்குள் வேண்டாம் என்று சொல்லி முற்றத்தில் வைத்தார்கள். எண்ணெய்ப் புகை படிந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி, கண் மாதிரி வட்டக் குழி விடும். நேற்றைய எபொக்சி நகம் வைத்தால் இன்னும் பள்ளம் விழுகிறது.

ஜனவரி 17

கெட்டலோய் (தகட்டுப் பள்ளத்தை நிரப்பும் பசை) பற்றி நேற்றும் இன்றும் பாஸோடு ஒரே வாக்குவாதம்.

கெட்டலோயைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கக் கூடாது. இதற்கு மேல் இதில் பேச்சே இல்லை. அதில் பெரும் பங்கு டால்க் மாதிரியான மாவு. பிசின் இறுகினாலும் நுண்துளை இருக்கும், மேல் தோலைத் தேய்த்ததும் துளை திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். மேற்பரப்பு பத்து நிமிடத்தில் காய்ந்து தெரியும். உள்ளே போனது இந்தக் குளிரில் நாள் கணக்கில் கிடக்கும். அதன் மேல் பிரைமர் அடித்து மூடினால் வெளியே வழி இல்லை. அடியில் துரு, மேலே கொப்புளம். கொப்புளம் வருவது அடித்த வாரத்தில் இல்லை. முதல் கோடையில் பொனட் வெயிலில் சுட்டதும் வரும். அப்போது எல்லோரும் பெயின்ட் கம்பனியைத் திட்டுவார்கள்.

“எங்க வாத்தியார் காலத்திலிருந்து தண்ணிதான்” என்கிறார் பாஸ். தூசு பறக்காது, பேப்பர் சீக்கிரம் அடைக்காது, கைக்கு மென்மை. மூன்றும் உண்மை. ஆனாலும் தண்ணீர் உள்ளே போகிறதே, பாஸ். 80 நம்பரில் தொடங்கி 120, 180, எல்லாம் உலர்ந்தபடி. முகத்துக்கு மாஸ்க், பேப்பரை அடிக்கடி தட்டிக்கொள்ள வேண்டியது. தண்ணீரில் தேய்க்கும் வோட்டர் பேப்பர் பிரைமர் வந்த பிறகுதான் கையில் வரலாம்.

ஹார்ட்னர் நிறைக்கு 2 சதவீதம், 100 கிராமுக்கு 2. குளிருக்காக 3 வரை போகலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று அதற்கு மேல் பிதுக்கினால் மிஞ்சிய பெராக்சைட் மேலேறி நிறத்தைக் கறைப்படுத்தும். வெளிர்ப் பச்சையில் அது அப்படியே தெரியும்.

ஜனவரி 18

தண்ணீர் வாளி கராஜுக்கு வெளியே போய்விட்டது.

ஜனவரி 22

காற்றுக் குழாய். கடல் மட்டத்தோடு பார்த்தால் இந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. கொம்ப்ரசர் ஒவ்வொரு இழுப்பிலும் அந்த அளவு குறைவாகவே இழுக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவை நம்பி கன் வாங்கினால் பாதி மட்காட்டில் அழுத்தம் விழும். 1.3 மில்லிமீட்டர் முனை, பிடியில் 2 பார் அழுத்தம், அதற்குத் தாங்குகிறதா என்று கன்னை முழுதாக அழுத்திப் பிடித்துப் பார்த்தோம். தாங்குகிறது, ஆனால் மோட்டார் ஓயவே இல்லை. ஓயாத மோட்டார் சூட்டுக் காற்றைத் தரும், சூட்டுக் காற்று தண்ணீரை ஆவியாகவே சுமந்து கன் வரை வந்துவிடும்.

காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் பொறியைக் கொம்ப்ரசரிலேயே மாட்டுவதில் பயன் குறைவு. அங்கே காற்று கொதிக்கிறது, தண்ணீர் இன்னும் திரளவில்லை. 8 மீட்டர் குழாய், கொம்ப்ரசர் பக்கம் சரிவு, கிளைகள் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்தது. நடுவில் செப்புச் சுருள் ஒன்று, ஓடைத் தண்ணீர் வாளிக்குள். அதற்குப் பிறகு பொறி, கடைசியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி. மலைத் தண்ணீரின் குளிர் இந்த ஓர் இடத்திலாவது நமக்கு உதவுகிறது. சோதனையில் பொறியில் அரைக் கோப்பை திரண்டது. அவ்வளவும் கன்னுக்குப் போயிருக்கும்.

ஜனவரி 25

2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பிரைமர் இரண்டு கோட், 1.8 முனை. கறுப்புத் தூள் தூவி 320 பேப்பரில் தேய்த்ததும் வலது கதவு நடுவில் கறுப்பு ஒரு தீவாக மிஞ்சியது. அங்கே பள்ளம். கைக்குத் தெரியாதது தூளில் தெரிகிறது. மைனரில் தட்டையான இடமே இல்லை, மரக்கட்டை வைத்தால் வளைவைத் தின்றுவிடும். வளையும் ரப்பர்க் கட்டை, குறுக்கும் மறுக்குமாக.

ஜனவரி 29

நிறம். 1963 கார், ஆமண்ட் கிரீன். வெளியில் நாலு பெயின்ட் ஏறியிருக்கிறது, எதையும் நம்ப முடியாது. பின் சீட்டுக்குப் பின்னால் வெயில் படாத தகட்டைக் கட்டிங் (மெருகேற்றும் பசை) போட்டுத் துடைத்தால் அசல் வந்தது. சாம்பல் கலந்த, அடங்கிய பச்சை. கொழும்பில் கலக்கிய மாதிரி அட்டை டியூப் லைட்டில் சரி, முற்றத்து வெளிச்சத்தில் மஞ்சள் அடிக்கிறது. பனிமூட்டத்தில் பார்த்துத் தீர்மானிக்கவும் கூடாது, எல்லாம் நீலமாகத் தெரியும். திருப்பி அனுப்பியாச்சு.

பெப்ரவரி 1

நிறம் வந்தது. சரி. 3 லீட்டர், 2க்கு 1 ஹார்ட்னர், தின்னர் பத்து சதவீதம். கலந்தால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்பக்கங்களோடு சேர்த்து இரண்டு கோட்டுக்குப் போதும்.

ஹார்ட்னர் மட்டும் ஸ்லோ வந்திருக்கிறது. கொழும்பின் 31 பாகைக்கு அது சரி. இங்கே 18இல் அது சாயங்காலம் வரை ஈரமாகக் கிடந்து மூடுபனியை வாங்கிக்கொள்ளும். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் பெயின்டோடு சேர வேண்டும். தண்ணீர் இருந்தால் அதோடு சேர்ந்து காற்றுக் குமிழி விட்டு மங்கிப்போகும். ஸ்டாண்டர்ட் கேட்டிருக்கிறேன்.

இன்றிலிருந்து கார் இறக்குமதிக்குத் திரும்ப அனுமதி. 2020 மார்ச்சில் நின்றது. பழைய கார் விலை விழும் என்று கடையில் பேச்சு. விழட்டும்.

பெப்ரவரி 4

மாஸ்க். துணி கட்டிக்கொண்டு 2கே அடிக்கும் தம்பிமாரை ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை எல்லாக் கராஜிலும் பார்க்கலாம். ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருக்கும்போதும் மணக்காது. கரி மாஸ்க் நிரம்பியதும் மூக்குக்குத் தெரியாது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமையானால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுகும், அது திரும்பாது. வெளிக்காற்றுக் குழாய் உள்ள மாஸ்க் இல்லாமல் இந்தக் காரில் யாரும் கன்னைத் தொடுவதில்லை. கண்ணாடி, கையுறை, முழுக்கை. உதவிக்கு நிற்பவருக்கும் அதேதான்.

பெப்ரவரி 7

தரையை நனைப்பதா வேண்டாமா. கீழ்நாட்டில் தூசு அடங்க அடிக்கும் முன் தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே அது ஈரப்பதனை 70இலிருந்து 80க்கு ஏற்றுகிறது, பார்த்தாயிற்று. சிவனொளிபாத மலை சீசன், மஸ்கெலியா பக்கம் போகும் பஸ்கள் விடிய விடியத் தூசு கிளப்புகின்றன. நாலு பக்கமும் பொலித்தீன், முந்தின நாளே தரையைக் கழுவிக் காயவிடுவது. அதுதான் முடிவு.

பெப்ரவரி 8

மட்காட் நாலும், பொனட்டும் கழற்றித் தனியே. கதவு உள்விளிம்பு, இன்ஜின் அறை, டிக்கி உட்புறம் அடித்துக் காய்ந்தாச்சு. நாளைக்கு வெளிப்புறம். தலையில் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியாயிற்று.

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றுக்கு 21 பாகை, 64. கூரை, வலது பக்கம் முதல் கோட். பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. நாடு முழுக்க. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததாம். தாங்கியில் இருந்த காற்று வலது கதவின் பாதியோடு தீர்ந்தது. காய்ந்த விளிம்பு கதவு நடுவில்.

கலந்த பெயின்ட் கோப்பையில் மூன்று மணி நேரம் தாங்கும். ஒரு மணி வரை பார்த்தோம். கன்னைப் பிரித்துத் தின்னரில் கையாலேயே கழுவினோம், உள்ளே இறுகினால் கன் போச்சு. மீதியைக் கொட்டியாச்சு. இருட்டிய பிறகுதான் கரண்ட் வந்தது.

பெப்ரவரி 10

ஒன்றரை மணி நேர மின்துண்டிப்பு. நாளைக்கும். நுரைச்சோலை அனல் மின்நிலையம் நின்றுவிட்டது.

பெப்ரவரி 11

நேற்று முன்தினம் அடித்ததை அப்படியே விட்டு மேலே போக முடியாது. ஒரு நாள் கடந்தால் அடுத்த கோட் ரசாயனமாக ஒட்டாது, கீறலைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். கூரையும் வலது பக்கமும் 600இல் மங்கலாக்கணும். கதவின் விளிம்பு விரலுக்குத் தெரியாத வரை.

பச்சை இப்போது பற்றாது. இன்னும் ஒரு லீட்டர் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கலவை முதல் கலவையைப் போல இருக்கும் என்று நம்பக் கூடாது. பழையதையும் புதியதையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, வடித்து, அதிலிருந்துதான் எல்லாம்.

பெப்ரவரி 12

நவம் போயா (பௌர்ணமி). ஈரப்பதன் 91.

பெப்ரவரி 13

89. ஹாலஜன் விளக்கு நாலையும் இடது பக்கம் திருப்பி வைத்தும் தகடு 16 தாண்டவில்லை.

பெப்ரவரி 15

அடித்தாச்சு!

பத்தே முக்காலுக்கு 22 பாகை, 61. கூரை, வலது பக்கம், டிக்கி, இடது பக்கம், ஈர விளிம்பு எங்கும் காயாமல் சுற்றி வந்தோம். 15 சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூடியபடி. இடையில் 15 நிமிடம், பிறகு இரண்டாவது கோட், முழு ஈரம். வடியல் இல்லை. பொறியில் தண்ணீர் திரண்டது, சிலிக்கா மணி ஈரம்பட்டு நிறம் மாறவில்லை. வெயிலில் ஒருமுறை வெளியே நின்று வாசல் வழியாகப் பார்த்தால் அந்தப் பச்சை எவ்வளவு ஆழம்!

மூன்றரைக்கு மூட்டம் வந்தது. விளக்கு ஒரு மீட்டர் தள்ளி, விடிய எரியும்.

பெப்ரவரி 16

கூரையில் ஓர் ஈ. வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 20

கட்டிங் போட ஆசைப்படுகிறார்கள். 20 பாகையில் இரண்டு நாள் போதும் என்று டப்பாவில் இருக்கிறது. இங்கே இரவு 12. சூடு பத்துப் பாகை இறங்கினால் இறுகும் வேகம் ஏறக்குறைய பாதி. இளகிய பெயின்டைத் தேய்த்தால் இன்று பளபளக்கும், கரைப்பான் வெளியேறியதும் அமுங்கிக் கீறல் மேலே வரும். இன்னும் ஒரு வாரம். வைன்ட்ஸ்கிரீன் ரப்பரும் அதுவரை வேண்டாம், தடம் பதியும்.

பெப்ரவரி 24

மட்காட் நாலும் அதே வாளிப் பச்சையில். முன் மட்காட்டின் உட்புறம், ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால் மண் தேங்கும் மடிப்பில், எபொக்சிக்கு மேல் சீலர், அதற்கு மேல் கல் தாங்கும் பூச்சு. மைனர் முதலில் உக்கும் இடங்களில் அது ஒன்று.

மார்ச் 1

1500, 2000, 3000 பேப்பர். ஈ போயிற்று. இடது சில் மூட்டுக்குள் மெழுகு அடித்தாச்சு, வடிதுளைகள் திறந்தே இருக்கின்றன.

மார்ச் 3

இடது சில் மறுபடி பார்த்தேன். உலர்ந்திருக்கிறது.

மார்ச் 5

இடது முன் மட்காட் பூட்டத் தொடங்கினோம். பைப்பிங்கை (மட்காட்டுக்கும் பாடிக்கும் இடையில் வரும் பட்டியை) நடுவில் வைத்து எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் கடித்துவிட்டு, பைப்பிங்கை மேலிருந்து கீழே இழுத்து நேராக்கி, பிறகுதான் ஸ்பேனர். ஒரு போல்ட்டை முதலில் இறுக்கினால் பைப்பிங் அங்கே சுருங்கி அடுத்த இடத்தில் பிதுங்கும், புதுப் பெயின்ட் ஓரத்தில் வெடிக்கும். கதவுப் பக்க இடைவெளி மேலே 4, கீழே 4. வலது பக்கத்துக்கு இரண்டு வாஷர் குறைகிறது, டிக்கோயாவில் கேட்க வேண்டும்.